அப்பாவுக்கு ஊசி வேண்டாம் என்று சொன்னது நான்தான்

களுவாஞ்சிக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி ஆறு பக்கத்தில் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் போட வேண்டாம் என்று கேட்டிருப்பதால், அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 43. கணவரும் தரம் 6 படிக்கும் ஒரு மகளும் இருக்கிறார்கள். 2021 ஆடி மாதம் ஊர்ப் பாடசாலையில் சினோபார்ம் ஊசி ஏற்றிய நாளில், 68 வயது அப்பாவும் போகத்தான் வெளிக்கிட்டார். சுவிஸிலிருந்து அண்ணன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல்பதிவைக் கேட்டிருந்த இந்தச் சகோதரி, "பத்து வருஷத்தில செய்யிற மருந்தப் பத்து மாசத்தில செஞ்சிருக்காங்க, கொஞ்சம் பொறுத்துப் பார்ப்பம்" என்று அவரை மறித்தார். ஊசிக்குப் பதிலாக மல்லியும் வேர்க்கொம்பும் அவித்த குடிநீர், அப்புறம் யாரோ கொண்டுவந்து கொடுத்த ஒரு பாணி. ஆவணிக் கடைசியில் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. ஒக்சிஜன் இறங்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், ஒன்பதாம் நாள் இறந்துபோனார்.

அவர் கேட்பது இவை. அவ்வளவு வேகமாக ஊசி செய்ததில் எதையெல்லாம் விட்டுவிட்டார்கள்? அப்பா ஊசி போட்டிருந்தால் இருந்திருப்பாரா, இரண்டு ஊசியும் போட்ட பக்கத்து வளவுப் பெரியம்மாவும் செத்துத்தானே போனார்? சீனி வருத்தக்காரரான அப்பாவுக்கு ஆஸ்பத்திரியில் ஸ்டீரொய்ட் கொடுத்ததுதான் அவரைக் கொன்றதா? வெளிநாடு போவதற்காக 2022 தொடக்கத்தில் பைசர் போட்ட கணவருக்கு இப்போது நெஞ்சு படபடக்கிறதே, அது ஊசியாலா? கடைசியாக, மகளுக்குக் கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய்த் தடுப்பூசி ஏற்றப் பாடசாலையிலிருந்து படிவம் வந்திருக்கிறது. கணவர் கையெழுத்து வைக்க மாட்டேன் என்கிறார். அவருக்குத் தெரியாமல் இவர் வைக்கலாமா?

அன்புள்ள சகோதரி,

நாலாம் பக்கத்தில், "ஊசி பிழையானது என்று யாராவது சொன்னால் எனக்கு அன்று இரவு நித்திரை வருகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதம் முழுவதிலும் என்னை நிறுத்தி வைத்த வரி அதுதான். அதற்குப் பின்னால் வருகிறேன். முதலில் நீங்கள் கேட்ட முதல் கேள்வி. அது நியாயமான கேள்வி. 2021இல் எங்களைப் போன்றவர்கள் அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. நான் நின்ற ஊசி நிலையத்தில் காலை ஆறு மணிக்கே வரிசை வீதிவரை போயிருக்கும். யாராவது கேள்வி கேட்டால், "போடுங்கோ, நல்லது" என்பதற்கு மேல் சொல்ல எங்களுக்கு நேரமும் இல்லை, உண்மையைச் சொன்னால் பொறுமையும் இல்லை.

பத்து வருடம் எப்படிப் பத்து மாதமானது

நம் ஊரில் வீடு கட்டும் விதத்தை நினைத்துப் பாருங்கள். அத்திவாரம் போடுவார்கள். கட்டாரிலிருந்து காசு வரும்வரை அது புல் முளைத்துக் கிடக்கும். மறுகா சுவர் எழும்பும். கூரைக்கு இன்னும் மூன்று வருடம். பத்து வருடத்தில் முடியும் அந்த வீட்டில் மேசன் உண்மையில் வேலை செய்த நாட்களைக் கூட்டினால் எட்டு மாதம் வராது. ஒருவர் முழுக் காசையும் முதலிலேயே கொடுத்து, "வீடு சரிவராவிட்டாலும் காசைத் திருப்பிக் கேட்க மாட்டேன்" என்று சொன்னால், அதே வீடு ஒரு வருடத்துக்குள் எழும்பிவிடும். கொங்கிரீட் இறுகும் நாட்களை மட்டும் அவராலும் குறைக்க முடியாது.

தடுப்பூசியிலும் அந்தப் பத்து வருடத்தில் பெரும்பகுதி காத்திருப்புத்தான். ஒரு கட்டப் பரிசோதனை முடிந்து, முடிவைப் பார்த்து, அடுத்த கட்டத்துக்குக் காசு தேடி, அனுமதி கேட்டு, அதற்குப் பிறகுதான் தொழிற்சாலை கட்டுவார்கள். 2020இல் அரசாங்கங்கள் பெருந்தொகையை முன்னதாகவே கொட்டின. பரிசோதனை நடக்கும்போதே ஊசியை உற்பத்தி செய்தார்கள். முடிவு பிழைத்தால் உற்பத்தி செய்த எல்லாவற்றையும் குப்பையில் கொட்ட வேண்டும். அந்த நட்டத்துக்குத் துணிந்தது காசுதான். ஊசி போட்டவர்களை அதற்குப் பின் கவனிக்கும் காலத்தில் அந்தத் துணிவைக் காட்டவில்லை. அமெரிக்காவில் அனுமதி கேட்க, பரிசோதனைக்கு வந்தவர்களில் பாதிப் பேரையாவது கடைசி ஊசிக்குப் பின் இரண்டு மாதம் கவனித்திருக்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். தடுப்பூசியின் கடுமையான பக்கவிளைவுகள் பெரும்பாலும் முதல் ஆறு வாரத்துக்குள் தலைகாட்டிவிடும் என்பது பழைய அனுபவம். வீட்டுக் கணக்கில் கொங்கிரீட் இறுகும் நாட்கள் இவைதான்.

பத்து மாதம் என்ற கணக்கே பிழை என்பது அடுத்த விஷயம். சார்ஸ் 2002இல் வந்தது, மேர்ஸ் 2012இல் வந்தது. இரண்டும் இதே கொரோனாக் குடும்பம். வைரஸின் எந்தப் பகுதியை உடலுக்குக் காட்ட வேண்டும், அதை எப்படிக் குலையாமல் வைத்திருப்பது என்பதை அப்போதே படித்துவிட்டார்கள். ஒக்ஸ்போர்டில் சாரா கில்பர்ட்டின் குழு மேர்ஸுக்கு ஊசி செய்துகொண்டிருந்தபோதுதான் கொவிட் வந்தது. பைசர், மொடேர்னா ஊசிகளுக்கு அடிப்படையான ஆர்.என்.ஏ. (உடலுக்குப் புரதம் செய்யக் குறிப்புக் கொடுக்கும் மூலக்கூறு) வேலையைக் கட்டலின் கரிகோவும் ட்ரூ வைஸ்மனும் 2005இலேயே எழுதி வைத்தார்கள். 2023இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. வைரஸின் மரபணு வரிசை 2020 ஜனவரி நடுப்பகுதிக்கு முன்பே வெளியாகிவிட்டது, மார்ச் 16இல் மொடேர்னாவின் முதல் ஊசி ஒரு மனிதரின் கையில் ஏறியது. அத்திவாரம் ஏற்கெனவே போட்டுக் கிடந்தபடியால்தான் அது முடிந்தது.

மூன்றாவது காரணத்தைச் சொல்லவே மனம் கசக்கிறது. ஒரு ஊசி வேலை செய்கிறதா என்று தெரிய, பரிசோதனையில் உள்ள ஆட்களுக்கு நோய் வர வேண்டும். சிக்கா வைரஸுக்கு ஊசி செய்யத் தொடங்கினார்கள், நோய் குறைந்துபோனதால் சோதித்துப் பார்க்க முடியாமல் அந்த வேலை தேங்கிவிட்டது. கொவிட் எல்லா நாட்டிலும் எரிந்துகொண்டிருந்தது. பைசர் பரிசோதனையில் சுமார் 43,000 பேர். பாதிப் பேருக்கு ஊசி, பாதிப் பேருக்கு வெறும் உப்புநீர். யாருக்கு எது என்பது போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது, அவருக்கு நோய் வந்ததா என்று கவனித்தவருக்கும் தெரியாது. நோய் வந்த 170 பேரைப் பிரித்துப் பார்த்தபோது 162 பேர் உப்புநீர்க் கூட்டத்தில் இருந்தார்கள், 8 பேர் ஊசிக் கூட்டத்தில். அமைதியான காலத்தில் அந்த 170 பேரைக் கண்டுபிடிக்கவே வருடங்கள் போயிருக்கும்.

தோற்றுப்போன ஊசிகளைப் பற்றி அண்ணனின் குரல்பதிவில் ஒன்றும் இருந்திருக்காது. அவுஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகம் செய்த ஊசியால் யாருக்கும் தீங்கு வரவில்லை. ஆனால் போட்டவர்களின் இரத்தத்தில் எச்.ஐ.வி. இருப்பதுபோலப் பரிசோதனை பொய்யாகக் காட்டியது. அந்தக் குழப்பம் வேண்டாமென்று 2020 டிசம்பரில் அதைக் கைவிட்டார்கள். தடுப்பூசி செய்வதில் பழம் தின்று கொட்டை போட்ட மேர்க் நிறுவனம், எதிர்பார்த்த பலன் இல்லை என்று தன் இரண்டு ஊசிகளையும் 2021 ஜனவரியில் நிறுத்தியது. ஜேர்மனியின் கியூர்வாக் ஊசி அரைவாசிப் பலன்கூடத் தரவில்லை, அதுவும் போய்விட்டது. கதவு திறந்து கிடந்திருந்தால் இவையெல்லாம் உள்ளே வந்திருக்கும்.

அப்படியானால் ஒன்றையுமே தவறவிடவில்லையா? 40,000 பேரில் செய்யும் பரிசோதனையில், இலட்சம் பேரில் ஓரிருவருக்கு வரும் பாதிப்பு கண்ணில் படாது. அஸ்ட்ராசெனிகா ஊசிக்குப் பின் அரிதாக வந்த இரத்தக்கட்டு அப்படித்தான் 2021 வசந்தத்தில், கோடிக்கணக்கானவர்கள் போட்ட பிறகு தெரிந்தது. தெரிந்ததும் பல நாடுகள் இளவயதினருக்கு அதை நிறுத்தின. இதை மறைத்து "நூறு வீதம் பாதுகாப்பு" என்று மேடையில் பேசியவர்கள் எங்கள் பக்கத்திலும் இருந்தார்கள். அவர்கள் செய்தது உதவி இல்லை.

அதோடு நம் மாவட்டத்தில் இன்னொரு விஷயத்தையும் சொல்லாமல் நேர்மையாக இருக்க முடியாது. கொவிட்டில் இறந்தவர்களைப் புதைக்கலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லியிருந்தும், நிலத்தடி நீர் கெடும் என்று சொல்லி இங்கே எல்லா உடலையும் எரித்தார்கள். 2021 மார்ச்சில்தான் ஓட்டமாவடியில் அடக்கம் செய்ய விட்டார்கள். மூவாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் அங்கே கிடக்கிறார்கள். மன்னிப்புக் கேட்க அமைச்சரவை முடிவெடுத்தது 2024 ஜூலையில். விஞ்ஞானத்தின் பெயரைச் சொல்லி அப்படி ஒன்றைச் செய்துவிட்டு, நாலு மாதத்தில் "விஞ்ஞானம் சொல்கிறது, கையை நீட்டு" என்றால் ஒருவர் தயங்குவது முட்டாள்தனம் இல்லை. நீங்கள் தயங்கியதும் அந்தக் காற்றில்தான்.

அப்பா இருந்திருப்பாரா

தெரியாது. உங்கள் அப்பா என்ற ஒரு மனிதரைப் பற்றி எந்த வைத்தியராலும் சத்தியம் செய்து சொல்ல முடியாது. ஊசி போட்டிருந்தால் தப்பும் வாய்ப்புக் கூடியிருக்கும், அவ்வளவு நிச்சயம். வேண்டுமென்றே நான் உங்களுக்கு இதைக் குறைத்துச் சொல்லவில்லை. நீங்களும் குறைத்துக் கேட்க விரும்பியிருக்க மாட்டீர்கள், இல்லாவிட்டால் ஆறு பக்கம் எழுதியிருக்க மாட்டீர்கள்.

பெரியம்மாவின் மரணத்தை வைத்து "போட்டும் செத்தார், போடாமலும் செத்தார், இரண்டும் ஒன்றுதான்" என்று கணக்கு முடித்திருக்கிறீர்கள். ஒரு உதாரணத்துக்குப் பாருங்கள். ஊரில் ஆயிரம் வயோதிபர்கள். 900 பேர் ஊசி போட்டவர்கள், 100 பேர் போடாதவர்கள். போட்டவர்களில் நூற்றுக்கு ஒருவர், போடாதவர்களில் நூற்றுக்கு ஐந்து பேர் இறக்கிறார்கள் என்று வையுங்கள். ஊரில் 14 செத்த வீடு நடக்கும். அதில் ஒன்பது ஊசி போட்டவர்களுடையது, ஐந்து போடாதவர்களுடையது. வெள்ளைக்கொடி கட்டிய படலைகளை மட்டும் எண்ணுகிறவர், போட்டவர்கள்தான் கூடச் சாகிறார்கள் என்பார். உண்மையில் போடாதவருக்கு ஆபத்து ஐந்து மடங்கு. இவை நான் விளக்கத்துக்குப் போட்ட எண்கள். ஆனால் உலகம் முழுக்க மனிதர்கள் ஏமாந்த இடம் இதுதான்.

அதற்கு மேல், வயதானவர்களிடம் சினோபார்ம் கொடுத்த பாதுகாப்புக் கொஞ்சம் மெலிவு. அதைச் சோதித்த பரிசோதனையில் அறுபது தாண்டியவர்கள் மிகக் குறைவு. 2021 ஒக்டோபரில் உலக சுகாதார ஸ்தாபனமே அறுபதுக்கு மேற்பட்டவர்களுக்கு மூன்றாவது ஊசி வேண்டும் என்றது. உங்கள் பெரியம்மா அந்த அறிவிப்புக்கு முன்பே போய்விட்டார்.

இப்போது அந்த நாலாம் பக்க வரி. ஊசி பிழை என்றால் நான் பிழையில்லை: உங்கள் நித்திரை அந்தக் கணக்கில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் ஒவ்வொரு குரல்பதிவையும் தேடித் தேடிக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் தவறாகவும் இருக்கலாம். ஆனால் வேறொரு கணக்கும் உண்டு. ஊசி பெரும்பாலும் நல்லதுதான், நீங்கள் அன்று எடுத்த முடிவு பிழைத்தது, அதை எடுத்தது அப்பாவைக் காப்பாற்ற நினைத்த ஒரு மகள். இந்த மூன்றும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். அண்ணனிடமும் இதைப் பேசுங்கள். அவரும் அங்கே பனிக்குள் இதே சுமையோடு இருக்கக்கூடும். நித்திரையின்மை இத்தனை வருடமாகத் தொடர்வதால், மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு ஒருமுறை போய் வாருங்கள். அங்கே போவதை ஊர் என்ன சொல்லும் என்று யோசிக்க வேண்டாம். காசும் தேவையில்லை.

ஸ்டீரொய்ட் பற்றி

அப்பாவுக்குக் கொடுத்தது பெரும்பாலும் டெக்ஸாமெதசோனாக இருக்கும். அது அறுபது வருடத்துக்கு மேலான, மலிவான மருந்து. பிரித்தானியாவில் ஆயிரக்கணக்கான நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவதுபோல இரண்டாகப் பிரித்துப் பார்த்ததில், செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களின் மரணம் மூன்றில் ஒரு பங்கும், ஒக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களின் மரணம் ஐந்தில் ஒரு பங்கும் குறைந்தன. 2020 ஜூனில் அந்த முடிவு வந்த பிறகு உலகம் முழுவதும் ஆஸ்பத்திரிகள் அதைக் கைக்கொண்டன. ஒக்சிஜன் தேவைப்படாதவருக்கு அது உதவவில்லை. வீட்டிலேயே வாங்கி விழுங்கியவர்கள் தங்களுக்குத் தாங்களே கெடுதல் செய்துகொண்டார்கள்.

அது சீனியை ஏற்றும், உண்மைதான். ஏறும் என்று தெரிந்தே கொடுத்து, ஏறிய சீனியை இன்சுலினால் இறக்குவார்கள். மூச்சு அடங்கிக்கொண்டு போகிறவரிடம் சீனிக்குப் பயந்து அதைக் கொடுக்காமல் விட்டிருந்தால்தான் பிழை. உங்கள் அப்பாவின் பெட் ஹெட் டிக்கட்டைப் பார்க்காமல் இதற்கு மேல் நான் பேசக்கூடாது.

பாணியையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 2020 டிசம்பரில், கொவிட்டைத் தடுக்கும் என்று சொல்லிக் கொடுத்த கேகாலைப் பாணிக்குச் சனம் ஆயிரக்கணக்கில் முண்டியடித்தது. அப்போதைய சுகாதார அமைச்சரே கமராவுக்கு முன்னால் குடித்தார். அடுத்த மாதம் அவருக்கும் கொவிட் வந்தது. மல்லிக் குடிநீரில் எனக்கு ஒரு கோபமும் இல்லை, தொண்டைக்கு நல்லது, நானும் குடிக்கிறேன். ஆனால் அந்தப் பாணியை யாரும் இரண்டு கூட்டமாகப் பிரித்துச் சோதித்துவிட்டுப் போத்தலில் அடைக்கவில்லை. பத்து மாதத்தில் செய்த ஊசியைச் சந்தேகப்பட்ட வீடு, பத்து நாளில் காய்ச்சிய பாணியைச் சந்தேகப்படவில்லை. உங்கள் வீட்டை மட்டும் குத்திச் சொல்லவில்லை, என் சொந்தத்திலும் நடந்தது.

கணவரின் படபடப்பு

பைசர், மொடேர்னா ஊசிகளுக்குப் பின் இதயத் தசையில் அழற்சி வந்தது உண்மை. அரிது. கூடுதலாக இளம் ஆண்களுக்கு, இரண்டாவது ஊசிக்குப் பின், பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள். பெரும்பான்மையோர் சுகமானார்கள். 2022 தொடக்கத்தில் போட்ட ஊசிக்கு, போன வருடம் தொடங்கிய படபடப்பைக் கட்டிவிடுவது கஷ்டம். எனக்குப் பயம் வேறு. ஊசிதான் காரணம் என்று முடிவுகட்டிவிட்டு அவர் ஒரு ஈ.சி.ஜி.கூட எடுக்காமல் இருக்கிறார். தைரொயிட், இரத்தச்சோகை, பிரஷர், சீரற்ற இதயத்துடிப்பு என்று பார்க்க வேண்டியவை பல உண்டு. ஒரு நாளைக்கு எட்டுப் பிளேன்டி குடிக்கிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இந்த வாரமே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். மயக்கமோ, நெஞ்சு நோவோ, மூச்சுத் திணறலோ சேர்ந்து வந்தால் அன்றைக்கே.

மகளின் படிவம்

இது கொவிட் ஊசியின் தங்கச்சி இல்லை. இந்த எச்.பி.வி. ஊசிக்கு முதல் அனுமதி 2006இல் கிடைத்தது. இலங்கையில் 2017 முதல் தரம் 6 பெண் பிள்ளைகளுக்கு ஏற்றுகிறார்கள். பத்து வருடம் பொறுத்துப் பார்ப்போம் என்றால், இதற்குப் பத்து வருடம் எப்போதோ தாண்டிவிட்டது. வைரஸின் வெளிக்கூடு போன்ற வெறும் புரதம்தான் இதில் இருக்கிறது, உள்ளே வைரஸ் இல்லை. கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோயில் பத்தில் ஏழுக்குக் காரணமான இரண்டு வகை வைரஸையும் இது தடுக்கிறது. ஸ்கொட்லாந்தில் 12, 13 வயதில் முழுமையாக ஊசி போட்ட பெண்களைப் பின்னாளில் தேடிப் பார்த்தபோது, திசுவுக்குள் ஊடுருவும் கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய் ஒருவருக்கும் இருக்கவில்லை. 2024இல் வெளியான முடிவு அது. பிள்ளைப்பேறு இல்லாமல் போகும் என்று கணவர் கேள்விப்பட்டதற்கு ஆதாரம் இல்லை. "இந்த வயதில் ஏன்?" என்பதற்குப் பதில்: வைரஸ் உடலைத் தொடும் முன்னர் போட்டால்தான் முழுப் பலன்.

அவருக்குத் தெரியாமல் கையெழுத்து வைக்கலாமா என்றால், வைக்காதீர்கள் என்பதே என் ஆலோசனை. யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தப் போவதில்லை, பெற்றோரின் சம்மதத்தைக் கேட்கத்தான் படிவம் வருகிறது. ஒளித்து வைத்துப் போட்டுவிட்டு, மறுநாள் மகளுக்கு ஒரு சாதாரணக் காய்ச்சல் வந்தாலும் அந்தப் பழி உங்கள் தலையில் விழும். இன்னொரு முறை அந்தச் சுமை உங்களுக்கு வேண்டாம். படிவத்தையும் அவரையும் கூட்டிக்கொண்டு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போங்கள், அல்லது உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். அவர் கேட்பதையெல்லாம் கேட்கட்டும். பாடசாலையில் ஏற்றும் நாள் தவறிப்போனால் பிறகு எங்கே போடலாம் என்பதையும் அங்கேயே விசாரித்து வையுங்கள். மகளுக்கு முன்பு ஏதாவது ஊசிக்கோ மருந்துக்கோ கடும் ஒவ்வாமை வந்திருந்தால் மறக்காமல் சொல்லுங்கள்.

அவர் சம்மதித்தால், ஊசி நாளன்று காலையில் பிள்ளையை வெறும் வயிற்றோடு பாடசாலைக்கு விடாதீர்கள். இந்த வயதுப் பிள்ளைகள் ஊசியைக் கண்ட பயத்தில் மயங்கி விழுவதுண்டு. நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போய், ஊசிக்குப் பிறகு கால் மணித்தியாலம் கதிரையில் இருந்துவிட்டு எழும்பச் சொல்லுங்கள்.